முதல் கட்டில்

மர்பி டவுன் வீட்டு வாசலில் ‘ரெமிஜியஸ் அறக்கட்டளை’ என்ற பலகையின் பெயின்ட் இன்னும் காயவில்லை. போன மாதம் இறந்த ரெமிஜியஸ் கடைசிவரை படுத்திருந்த இரும்புக் கட்டில்தான் அதன் ஒரே சொத்து. இடுப்பு எலும்பு முறிந்த தன் அம்மாவுக்காக அதை இரவல் வாங்க மஞ்சுநாத் வந்திருக்கிறார். ரெமிஜியஸின் மனைவி பியாட்ரிஸ் கால்மாட்டில் குனிந்து, தலைப்பக்கத்தை உயர்த்தும் கைப்பிடியைச் சுற்றிக் காட்டுகிறாள். “மெதுவா சுத்துங்க. வேகமா சுத்தினா அவருக்குக் கிறுகிறுன்னு வரும்.” மஞ்சுநாத் ஒரு கணம் அவளைப் பார்க்கிறார். “சரி ஆன்ட்டி. அம்மா எழுந்து நடந்ததும் கொண்டாந்து தர்றேன்.” கட்டிலை ஏற்றிய லக்கேஜ் ஆட்டோவின் சத்தம் தெருமுனையில் தேய்கிறது. தரையில் நான்கு துருத்தடங்கள். அவற்றின் நடுவே சாயங்கால வெயில் நீளமாகப் படுத்திருக்கிறது. சற்றுச் சாயலாமென்று பியாட்ரிஸ் பாயை எடுக்கிறாள். அறை முழுக்கக் காலியாக இருந்தும், வழக்கம்போல் கட்டில் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் விரிக்கிறாள்.