செல்லாத டோக்கன்

"காலையிலேருந்து ஒரு டோக்கன்கூட செல்லலை டேனியல்! பதினொன்றரைக்கு ஸ்கூல் தாளாளர் வர்றார். அவர் எதிர்ல இப்படி முழிச்சுக்கிட்டு நின்னோம்னா, கீழே பேக்கரியில போய் பன் விக்க வேண்டியதுதான்!"

ஷ்யாம்சுந்தர் சொன்னதில் பாதி வேடிக்கை, பாதி நிஜம். சேலையூர் கேம்ப் ரோட்டில் ஒரு பேக்கரியின் மாடியில் ஆறு பேரை வைத்துக்கொண்டு கம்பெனி நடத்துகிறவர் அவர். பிள்ளையின் ஸ்கூல் பஸ் இப்போது எங்கே வருகிறது என்று பெற்றோர் போனில் பார்க்க ஓர் ஆப். அதை வாங்கப் போகும் முதல் பள்ளிக்கூடம் இந்தத் தாளாளருடையதுதான்.

டேனியல் திரையைப் பார்த்தான். 'கையெழுத்து பொருந்தவில்லை' என்று சிவப்பு சிவப்பாக வரிசைகட்டி நின்றது.

விஷயம் சின்னதுதான். அப்பாவோ அம்மாவோ லாகின் செய்ததும் ஒரு சர்வர், 'இவர் இன்ன பிள்ளையின் பெற்றோர், சாயங்காலம் ஆறு மணி வரை பார்க்கலாம்' என்று ஒரு டோக்கன் எழுதி, ரகசிய கீ ஒன்றால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும். பஸ்ஸைக் காட்டுகிற இன்னொரு சர்வர், அதே கீயை வைத்து அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும். இரண்டு பக்கமும் ஒரே கீ இருக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் போச்சு.

"நேத்து லாகினைப் புது சர்வருக்கு மாத்தினோம்ல, அங்கேதான் கீ மாறியிருக்கும்" என்றார் ஷ்யாம்சுந்தர். "ஒண்ணு பண்ணு. உன் பக்கத்து கீயைப் படி. ஜெரூஷா அவ பக்கத்துல அடிக்கட்டும்."

டேனியலுக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் ஆகிவிட்டது.

ஜெரூஷா அவனுக்குப் பக்கத்து நாற்காலி. அவள் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. எட்டு மாதமும் அவளிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல நினைத்து, வாய் வரை வந்ததை டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தான். கீ நீளமாக இருக்க வேண்டும், யாரும் ஊகிக்கக் கூடாது என்ற விதி வந்தபோது, இங்கிலீஷ் எழுத்துகளில் தமிழாகவே அடித்து வைத்தான்: 'ஜெரூஷாகிட்ட எப்படி சொல்றது'. கீ ஃபைலை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதை.

"நானே அடிச்சுடறேனே சார்…"

"லாகின் சர்வர் அவ மெஷின்லதான் திறக்கும். நேரத்தைக் கடத்தாதே."

"அப்போ வாட்ஸாப்ல அனுப்பிடட்டுமா?"

"கீயை வாட்ஸாப்ல அனுப்பினா வேலையை விட்டே தூக்கணும்னு எனக்குப் பாடம் எடுத்தவனே நீதானேடா! படி!" என்றவர், போன் அடிக்கவே, "சார், பேக்கரி பக்கத்துலயே படி இருக்கும் சார், இதோ வர்றேன்" என்று கீழே ஓடினார்.

ஜெரூஷா கீபோர்டில் விரலை வைத்துக்கொண்டாள். "சீக்கிரம் சொல்லுங்க டேனியல். நான் மத்தியானம் லீவு வேற. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க, வேலை தலைக்கு மேல கிடக்கு."

"யார் வர்றாங்க?"

"பொண்ணு பார்க்க."

டேனியலுக்கு நாற்காலி ஒரு சுற்று சுற்றி நின்றது. "மாப்பிள்ளை… என்ன பண்றார்?"

"சாஃப்ட்வேர்தான். அவங்க பக்கத்துலேருந்து இன்னும் உறுதியா ஒண்ணும் சொல்லலை. ஆனா அம்மா கேசரிக்கு ரவை, முந்திரி எல்லாம் வாங்கி வெச்சாச்சு. கீ சொல்லுங்க."

எட்டு மாதம் வாயைத் திறக்காத தன்னைத்தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு. அழுகையாகக்கூட வந்தது. சரி, தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன!

"ஜே" என்றான்.

"ம்."

"இ… ஆர்… யு…"

"அடுத்தது?"

"எஸ்… ஹெச்… ஏ."

அவள் நிமிரவே இல்லை. "அப்புறம்?"

ஒவ்வோர் எழுத்தாக, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளையாட்டம் கடைசி வரை சொல்லி முடித்தான். காது இரண்டும் சுட்டன.

"முழுசாச் சேர்த்து ஒரு தடவை வாசிங்க. தப்பு வந்துடப் போகுது."

"ஜெரூஷா…"

"வாசிங்க!"

"ஜெரூஷாகிட்ட எப்படி சொல்றது" என்றான் ஒரே மூச்சில்.

மாடிப்படியில் ஷ்யாம்சுந்தரின் குரல் கேட்டது. "பார்த்து வாங்க சார், படி கொஞ்சம் செங்குத்து."

"அடிச்சாச்சா?" என்று பதறினான் டேனியல்.

"ஒரு எழுத்துகூட அடிக்கலை."

"ஐயோ, ஏன்?"

"என் பக்கத்து கீயை நான் மாத்தப் போறதில்லை. நேத்து புது சர்வருக்கு மாத்தும்போது உங்க ஃபைலைப் பார்த்தேன். பார்த்துட்டுதான் இதைப் போட்டேன். இதையே உங்க பக்கமும் அடிங்க, எல்லா டோக்கனும் செல்லும்" என்று ஜெரூஷா தன் திரையை அவன் பக்கம் திருப்பினாள்.

அதில் இங்கிலீஷ் எழுத்துகளில், இடைவெளியே இல்லாமல் தமிழில் இருந்தது: 'ஞாயித்துக்கிழமை அம்மா அப்பாவோட வந்து சொல்லுங்க.'