மாடி அறையில் யாரோ

"மாடியில யாரை வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் நகராட்சி அதிகாரி, கையில் சானிடைசரைத் தேய்த்தபடி.

யாருமில்லை என்றேன். முகக்கவசத்துக்குள் என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

தொற்று பரவியதும், சுற்றுலா வருபவர்களுக்கு வீடுகளை வாடகைக்கு விடக் கூடாது என்று உத்தரவு வந்தது. அன்றே எங்கள் மாடி அறையைப் பூட்டினோம். ஏரியைப் பார்த்த ஜன்னல், பெரிய கட்டில், ஒட்டினாற்போல் குளியலறை. அந்த ஓர் அறையை நம்பித்தான் கீழே நாங்கள் மூன்று பேர் இருந்தோம். என் டியூஷன் வருமானம் கரண்ட் பில்லோடு முடிந்துவிடும்.

வரும் திங்கட்கிழமை தடை நீங்குவதாக இருந்தது. தடையை மீறி ஆட்களைத் தங்கவைத்தவர்களுக்கு மட்டும் உரிமம் ரத்து.

எங்கள் மீது புகார் வந்திருந்தது.

"சாயங்காலமானா மேல லைட் எரியுதாம். பேச்சுச் சத்தம் கேக்குதாம். எதிர்வீட்டுக்காரங்க சொல்றாங்க. ஒரு பொம்பளை சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டுச்சாம்."

சாயங்காலம் நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருப்பேன். இடி விழுந்தாலும் தெரியாது.

சாவி அப்பாவிடம் இருந்தது. ஆள் புழங்காத குளியலறையில் தண்ணீர் வடியும் குழாய் காய்ந்துபோனால் சாக்கடை வாடை மேலே ஏறும். அடிக்கடி போய்த் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். ஊரடங்கு தொடங்கியதும் அந்த வேலையை அப்பாவே கேட்டு வாங்கிக்கொண்டார். நீ பாடத்தைப் பாரு, மாடிக்கெல்லாம் நீ ஏற வேணாம் என்றார். நானும் ஏறவில்லை.

இப்போது சாவியைக் கேட்டபோது அப்பா என்னைப் பார்க்கவில்லை.

"ரூம் அலங்கோலமா கெடக்கு சார். நாளைக்கு வாங்களேன்."

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். சிவந்திருந்தது.

நான் முன்னால் ஏறிப்போய்க் கதவைத் திறந்தேன்.

மெத்தையை நான் பிளாஸ்டிக் விரிப்பு போட்டு மூடி வைத்திருந்தேன். அதைக் காணவில்லை. வெள்ளை விரிப்பு சுருக்கமில்லாமல் விரித்திருந்தது. நான்கு மூலைகளும், வாடகைக்கு வருபவர்களுக்கு அம்மா மடிப்பாளே, அந்த மடிப்பு. ஜன்னல் திறந்திருந்தது. மேசையில் இரண்டு கோப்பைகள், அடியில் காயாத தேநீர்.

குளியலறையை எட்டிப் பார்த்தேன்.

வருபவர்களுக்கு வைக்கும் சின்ன சோப்பு, உறை பிரித்து, பாதி கரைந்து கிடந்தது.

எங்கள் வீட்டில் அந்த சோப்பை யாரும் தொட மாட்டோம். சின்ன வயதில் ஒருமுறை எடுத்துக் கை கழுவியதற்கு அம்மா அரை நாள் பேசவில்லை. கீழே நாங்கள் தேய்ப்பதெல்லாம் முதுகு வளைந்த பழைய கட்டிதான். ஆகவே வெளியாள்தான். அப்பா எங்களுக்காக, எங்களுக்குத் தெரியாமல், யாரையோ தங்கவைத்திருக்கிறார்.

கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அதிகாரி கட்டிலைப் போட்டோ எடுத்தார். கோப்பைகளை எடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"படிச்ச பொண்ணு. நீயாவது சொல்லக் கூடாதாம்மா?"

அதற்குள் அப்பாவும் மேலே வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் அம்மா, ஈரக் கையோடு.

"யாரு தங்குனது? பேரைச் சொல்லுங்க. மறைச்சா உங்களுக்குத்தான் கஷ்டம்."

அப்பா தரையைப் பார்த்தார். கடைசியில் அம்மாதான் வாயைத் திறந்தாள்.

"நாங்கதான் சார்."

"நாங்கன்னா?"

"நானும் இவரும்."



நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்பா வாசல் பக்கத்து பெஞ்சில்தான் படுப்பார். வருபவர்கள் எந்த நேரமும் கதவைத் தட்டலாம் இல்லையா. அம்மா உள்ளறையில் என்னோடு. எல்லா வீட்டிலும் அப்படித்தான் படுப்பார்கள் என்று வெகுநாள் நினைத்திருந்தேன்.

அதிகாரி போனை இறக்கினார்.

"சொந்த வீட்டுல தங்குறதுக்கு யாரும்மா தடை போட்டா? இதுக்கு எதுக்கு இந்தத் திருட்டு முழி? கவர்மெண்டுக்குப் பயந்தா?"

"கவர்மெண்டுக்கு என்ன பயம்?" அம்மா மோவாயால் என்னைக் காட்டினாள். "இவளுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாளோன்னுதான்."

அப்பாவின் காது இன்னும் சிவந்தது.

அதிகாரி தொண்டையைச் செருமினார். முகக்கவசம் ஒரு பக்கமாக இழுபட்டது.

"ஒண்ணு கேட்டே ஆகணும். வாடகை ஏதும் வாங்குனீங்களா?"

"இவருகிட்டயா?" என்றாள் அம்மா. "டீ போட்டதே நான்தான் சார்."

நான் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பின்னால் அவர் போனில் போட்டோக்களை ஒவ்வொன்றாக அழிக்கும் 'டிக், டிக்' சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை தடை நீங்கியது. விடிந்ததும் முன்பதிவுக் கோரிக்கைகள் வரத் தொடங்கின. எதற்கும் பதில் சொல்லும் முன்பாக, எல்லாப் புதன்கிழமைகளையும் முன்பதிவுக் காலண்டரில் 'அறை இல்லை' என்று அடைத்து வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நேற்று விரிப்புகளை உலர்த்திக்கொண்டே அம்மா சொன்னாள்:

"புதன்கிழமைன்னா மட்டும் ஆளே வர மாட்டேங்குறாங்களேடி."

குரலில் வருத்தம் இல்லை.