நடுப்பகல் காவல்

ரோமானியர்களின் வடக்கு மதிலில் இருந்த அந்தக் காவல் கோபுரத்தில் நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கம்பளி அங்கிதான். காவல் முடிந்து இறங்குகிறவன், உடம்புச் சூடு ஆறுவதற்குள் அதை அடுத்தவன் தோளில் போட்டுவிட வேண்டும்.

அவர்களில் கன்னாவோ என்பவன் எப்போதும் ராகம் தப்பித்தான் சீட்டியடிப்பான்; பனிக்காலக் காய்ச்சலில் அவன் போய்ச் சேர்ந்தான். மாற்றாள் வரவில்லை. அவனுடைய நடுப்பகல் முறையில் போய் நிற்க மற்ற மூவருக்கும் மனசு வரவில்லை; காலியாகவே விட்டார்கள். தெரிந்தால் தலை போகும்.

இருபதாம் நாள், மூவரும் கீழே கஞ்சி குடிக்கையில் படைத்தலைவன் உள்ளே வந்தான். மூவரில் ஒருவனான வாட்டோ கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான்.

"மேல நிக்கிறவன் கெட்டிக்காரன்டா. நான் ஓடையைத் தாண்டறதுக்குள்ள 'யாரது'ன்னு கேட்டுட்டான். ஆனா காவல்ல சீட்டியடிக்கக் கூடாதுன்னு சொல்லி வை. அதுவும் அந்த ராகத்துல," என்றான் தலைவன்.

அந்தச் சீட்டியை மூவருமே தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். காற்று என்று அவரவர் தமக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

"எத்தனையோ தடவை சொல்லிட்டோம் ஐயா," என்றான் வாட்டோ. "கேக்க மாட்டான்."

தலைவன் போனதும் வாட்டோ ஏணியில் ஏறினான். மேலே யாரும் இல்லை. காலையில் அவன் ஆணியில் மாட்டிய அங்கி அப்படியே தொங்கியது. தொட்டுப் பார்த்தான். கதகதப்பாக இருந்தது.

"மெதுவா அடிடா," என்றான். "அந்த ஆளு காதுல விழுது."

மறுநாள் நடுப்பகலில் மேலே சீட்டி கேட்டது. அதே தப்பான ராகம். ஆனால் மெதுவாக.