எதைப் போட்டால் கரண்ட் போகிறது

செருப்பில் ஒரு காலை நுழைத்திருந்தாள். கரண்ட் போனது.

உள்ளே ஆக்சிஜன் மிஷின் அலறத் தொடங்கியது.

கைப்பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினாள். கணவர் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில் நின்ற சிலிண்டரைத் திறந்தாள். மிஷினிலிருந்து குழாயை உருவி அதில் மாட்டினாள். அவர் மார்பு ஏறி இறங்கியது. உதட்டில் நிறம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

பஞ்சு மில்லில் கழித்த வருஷங்கள் அவர் நுரையீரலில் தங்கிவிட்டன. மிஷின் ஓடினால்தான் அவருக்கு மூச்சு. கரண்ட் இருந்தால்தான் மிஷின்.

அவள் இருந்தால்தான் கரண்ட்.

நடையில் இருந்த சுவிட்ச் பெட்டியைத் திறந்தாள். பெரிய சுவிட்ச் தானாக இறங்கிக் கிடந்தது. எலக்ட்ரீஷியன் குருவராஜ் சொல்லித் தந்தபடி சின்ன சுவிட்சுகளை எல்லாம் இறக்கினாள். பெரியதை ஏற்றினாள். திரும்ப இறங்காமல் நின்றது. அடுக்களையை ஏற்றினாள். நின்றது. கூடம், அதுவும் நின்றது. கடைசியாக, அவர் படுத்திருக்கும் அறை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினாள்.

நின்றது.

எப்போதும் இப்படித்தான். குருவராஜ் வந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். வயரில் ஒரு குறையும் இல்லை.

"எதைப் போடும்போது போகுதுன்னு கவனிச்சு வைங்கக்கா. அது தெரிஞ்சா போதும்."

அவள் எதையும் போடுவதில்லை. கிளம்புகிறாள், அவ்வளவுதான்.

தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று போனது. மகளைப் பார்க்க பஸ் ஏறப் போன அன்று போனது. கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய போதெல்லாம் போனது. இடது கண்ணில் இப்போது வெறும் வெளிச்சம்தான். வலது கண்ணையாவது காப்பாற்ற வேண்டாமா என்று டாக்டர் கேட்டிருந்தார். இன்றும் அங்கேதான் கிளம்பியிருந்தாள்.

துணைக்கு உட்கார வந்திருந்த பக்கத்து வீட்டுச் சுந்தரவல்லி கூடத்திலிருந்து சிரித்தாள்.

"நீங்க படி இறங்குனா கரண்டுக்குப் பொறுக்க மாட்டேங்குதுக்கா. அந்த சிலிண்டரை மட்டும் என்னையத் தொடச் சொல்லிராதீங்க. கை நடுங்கும்."

குழாயை மறுபடி மிஷினில் மாட்டினாள்.

"போயிட்டு வாரேங்க."

அவர் கண்ணைத் திறக்காமல் தலையை அசைத்தார்.

வாசலில் ஆட்டோ நின்றிருந்தது. படி இறங்கினாள். கேட்டைத் திறந்து, சத்தம் கேட்கும்படி மூடினாள்.

வெளியே போகவில்லை.

குருவராஜ் சொன்னது காதிலேயே இருந்தது. வீட்டைச் சுற்றிக்கொண்டு அவர் அறையின் ஜன்னலுக்குப் போனாள்.

அவர் கண்கள் திறந்திருந்தன. தலையைக் கேட் பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவர் கை கட்டில் சட்டத்தைத் தாண்டி மெதுவாகச் சுவரோரம் போனது. அங்கே பழைய மேஜை ஃபேனின் சுவிட்ச். அவர் படுத்த நாளிலிருந்து யாரும் போடாத இரும்பு ஃபேன்.

போட்டார்.

இறக்கை அசையக்கூட இல்லை. வீடு முழுக்க அணைந்தது.

அதே விரலால் சுவிட்சை அணைத்தார். கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு வாயைத் திறந்து காற்றைத் தேடினார்.

தன் மூச்சை நிறுத்தித்தான் அவளை நிறுத்தி வைத்திருக்கிறார்.

மிஷின் அலறியது. சுந்தரவல்லி "அக்கா, அக்கா" என்று வாசலுக்கு ஓடுவது கேட்டது.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

ஓட வேண்டும். அவள் கால்களுக்கு வேறு எதுவும் தெரியாது. ஆனாலும் நின்றாள். அவர் உதடு கறுப்பதைப் பார்த்தாள்.

இன்னும் நின்றாள்.

பிறகு ஓடினாள்.

உள்ளே வந்தவள் சிலிண்டரைத் தொடவில்லை. சுந்தரவல்லியை இழுத்து வந்து, அவள் கையை எடுத்துச் சிலிண்டர் சாவியின் மேல் வைத்தாள்.

"நடுங்குதுக்கா."

"நடுங்கட்டும். திருப்பு."

அவள் கையின் மேல் தன் கையை வைத்து அழுத்தினாள். காற்று சீறிக்கொண்டு வந்தது. குழாயையும் சுந்தரவல்லியே மாட்டினாள். பெரிய சுவிட்சையும் அவளே ஏற்றினாள். மிஷின் ஓடத் தொடங்கியது.

"இனிமே கரண்ட் போனா சுந்தரவல்லி பாத்துக்கிடுவா."

அவரிடம்தான் சொன்னாள். குரல் உயரவில்லை.

அவர் கண்ணைத் திறந்தார். அவள் மேஜை ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பார்வையும் அங்கே போனது. பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உத்தரத்தில் போய் நின்றது.

குனிந்து பிளக்கைப் பிடித்தாள். பிடுங்கிவிட்டால் முடிந்தது.

அவரிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு சுவிட்ச்தான்.

கையை எடுத்துக்கொண்டாள். பிளக் இருந்த இடத்திலேயே இருந்தது.

போர்வையை அவர் தோள்வரை இழுத்துவிட்டாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மிஷினின் இரைச்சல் வாசல்வரை கேட்டது. கேட்டில் கை வைத்துக் காத்திருந்தாள்.

கரண்ட் போகவில்லை.

கொஞ்சம் பொறுத்துப் பார்த்தாள். அவருக்குக் கை நீட்ட நேரமாகும்.

போகவில்லை.

"ஏறலையாம்மா?" என்றார் ஆட்டோக்காரர்.

மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கேட் கம்பியிலிருந்து அவளால் கையை எடுக்க முடியவில்லை.