நாய்ப்புழு

முதல் அடியிலேயே ராணி சுருண்டு விழுந்தாள். பாலா விடவில்லை, இரும்புக் கம்பி இரண்டாம் முறையும் மண்டையில்தான் இறங்கியது. மௌலா அலி குவார்ட்டர்ஸ் வாசலில், பட்டப்பகலில், அத்தனை பேர் கண்ணெதிரே.

"நக்கோ பாலா, வேணாம்டா! வாயில்லா ஜீவன்டா!"

ராணியைக் குட்டியிலிருந்து வளர்த்த எதிர்வீட்டு சாம்பசிவம் கையைக் குறுக்கே நீட்டினார். மூன்றாவது அடி அவர் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் மாடிவரை கேட்டது.

"உங்க நாயாலதான் சார் என் பொண்ணு தலைக்குள்ள புழு!" பாலா செல்போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் கத்தினான். "அவ ரத்தத்துல நாய்ப்புழு ஆன்டிபாடி பாசிட்டிவ். பாருங்க, நல்லாப் பாருங்க!"

எட்டு வயது ரஷ்மிக்குப் போன வாரம் பள்ளிக்கூடத்தில் வலிப்பு வந்தது. ஸ்கேனில் மூளையில் சின்னக் கட்டி. அவளுக்கு இரண்டு ரத்தப் பரிசோதனைகளும், அப்பா, அம்மா உட்பட மூன்று பேருக்கும் மலப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்த டாக்டர் சுஷ்மா, எல்லா ரிப்போர்ட்டும் வந்த பிறகு பேசலாம் என்றிருந்தார்.

மகள் விஷயத்தில் பாலாவுக்கு ஏது பொறுமை? முதல் ரிப்போர்ட் போனில் வந்ததும் நெட்டில் தேடினான். கம்பியை எடுத்துவிட்டான்.

ராணியின் துடிப்பு அடங்கியதும் கம்பியை வீசிவிட்டு, கையைப் பேண்ட்டில் துடைத்தபடி வீட்டுக்குள் போனான். தயிர்சாதம் பிசைந்து ரஷ்மிக்கு ஊட்டினான். அவன் கையால் ஊட்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அதில் அவனுக்குக் கொள்ளைப் பெருமை.

"ராணி ஏன்ப்பா அப்படிக் கத்துச்சு?"

"இனிமே கத்தாது. நீ சாப்பிடு."

மறுநாள் காலை டாக்டர் சுஷ்மா ரிப்போர்ட்டுகளைப் பரப்பி வைத்தார். "இது நாய்ப்புழு இல்ல சார்."

பாலா செல்போனை எடுத்து நீட்டினான். "பாசிட்டிவ்னு போட்டிருந்துதே மேடம்?"

"நாய்ப்புழுவுக்கும் பன்னிக்கறியால வர்ற நாடாப்புழுவுக்கும் சில புரோட்டீன் ஒரே மாதிரி இருக்கும். ஒண்ணை எதிர்க்க உண்டான ஆன்டிபாடி இன்னொண்ணையும் போய்ப் பிடிச்சுக்கும். அதனாலதான் ரெண்டாவது டெஸ்ட் வரட்டும்னேன். பாப்பாவுக்கு இருக்கிறது நாடாப்புழு."

"பன்னிக்கறியா?" பாலாவின் மனைவி சௌம்யா பதறிப்போனாள். "நாங்க சுத்த சைவம் மேடம்!"

பாலா சௌம்யாவின் பக்கம் திரும்பாமல் ரிப்போர்ட்டையே பார்த்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பன் சுனில் ரூமில் வீட்டுக்குத் தெரியாமல் தின்னும் பன்றிக்கறி வறுவல் நினைவுக்கு வந்தது.

"பாப்பா கறியே தொட்டிருக்க வேண்டாம்மா. கறி தின்ன ஒருத்தர் வயித்துல புழு இருந்து, அவர் டாய்லெட் போயிட்டு சோப்பு போட்டுக் கை கழுவாம சோத்தைத் தொட்டாப் போதும், புழுவோட முட்டை பாப்பா உடம்புக்குள்ள போயிடும்."

மூன்று மல ரிப்போர்ட்டுகளில் இரண்டை ஓரமாக ஒதுக்கிவிட்டு, மூன்றாவதை டாக்டர் பாலாவின் முன்னால் நகர்த்தினார்.

"இனி பாப்பாவுக்கு நீங்க ஊட்டாதீங்க சார்."