குழாய்க்குப் போர்வை

ஸ்ரீநகரில் பனி கொட்டி, மின்சாரம் போய் இரண்டு நாளாகிவிட்டது. ஜூனாவின் வீட்டுக் குழாய் உறைந்து வெடித்தேவிட்டது. ஒரு கையில் வாளியும், அங்கிக்குள் மறு கையில் கணப்புச் சட்டியுமாகப் பொழுது சாயப் பக்கத்து வீட்டுக்கு வந்தாள்.

முற்றத்துக் குழாய்க்கு முஷ்டாக் கம்பளி சுற்றிக்கொண்டிருந்தான். அடியில் ஒரு கணப்புச் சட்டி கனன்றது.

ஜூனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இது உங்க அப்பாவோட கம்பளியாச்சே! சட்டியும் அவரோடதுதானே?"

"ஆமாக்கா."

"படுத்த படுக்கையா கிடக்கிற மனுஷன்கிட்டேருந்து உருவிட்டு வந்து குழாய்க்குப் போர்த்துறியே, நீயெல்லாம் ஒரு பிள்ளையா? குழாய் போனா வேற மாட்டிக்கலாம். அவரு விறைச்சுப் போயிட்டா?"

முஷ்டாக் முடிச்சை இறுக்கினான்.

"இனிமே அவருக்குக் குளிராதுக்கா. அரை மணி நேரம் ஆச்சு. உங்கிட்ட சொல்லத்தான் கிளம்பினேன். அதுக்குள்ள இதுவும் உறைஞ்சிட்டா, காலையில அவரைக் குளிப்பாட்டத் தண்ணிக்கு எங்க போவேன்?"

ஜூனா வாளியைக் கீழே வைத்தாள். அங்கிக்குள்ளிருந்த தன் கணப்புச் சட்டியை எடுத்து, அவர் சட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.