பனிமனிதனின் கன்னத்துப் பொட்டு

மூன்று நாள் கொட்டிய பனி அன்று காலைதான் நின்றது. தவமலரின் குடும்பம் வாசலில் பனிமனிதன் செய்ய, கணவர் ஆஸ்பத்திரியில் இருந்ததால் தனியாக இருந்த பக்கத்து வீட்டு இங்கிரிட்டும் பனி உருட்டித் தர வந்தாள். தெருவே நின்று படமெடுத்தது. தவமலர் உள்ளே ஓடி, மை எடுத்துவந்து பனிமனிதனின் கன்னத்தில் பெரிதாகக் கறுப்புப் பொட்டு வைத்தாள். "எல்லாரும் வடிவு வடிவெண்டு சொல்லுதுகள். நாவூறு பட்டிடுமெல்லோ!" மகள் சிரித்துக்கொண்டே அதை இங்கிரிட்டுக்கு விளக்கினாள். மறுநாள் வெயிலில் தெருவிலிருந்த பனிமனிதர்கள் எல்லாம் இடுப்பொடிந்து சாய்ந்தார்கள். வீட்டு நிழலில் நின்ற இவன் மட்டும் அசையவில்லை. அடுத்த நாள் அழைப்பு மணி அடித்தது. வாசலில் இங்கிரிட், வீடு திரும்பிய கணவரைக் கைத்தாங்கலாகப் பிடித்தபடி நின்றாள். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, மெல்லக் குனிந்து, தவமலரிடம் கன்னத்தைக் காட்டினார்.